யூகேஜி பையன் 3ஐ திருப்பி எழுதுறான், என்ன பண்ணலாம்?

வில்பட்டி அம்மா:
பையனுக்கு அஞ்சு வயசு. 50 வரைக்கும் கடகடன்னு சொல்லிடுவான் ஆனா கூடைல இருக்கற பேரிக்காய எண்ணுடான்னா ஒன்ன ரெண்டு தடவ எண்ணுறான், ஒன்ன விட்டுடுறான். 3, 7 ரெண்டையும் கண்ணாடில தெரியற மாதிரி எழுதுறான். காலைல இந்த குளிருல பென்சிலே பிடிக்க மாட்டேங்குறான், மிஸ்ஸோ பக்கம் பக்கமா ஹோம்வொர்க் குடுக்கறாங்க. பயமா இருக்குங்க.

பூம்பாறை டீச்சர்:
பயப்படாதீங்க சிஸ்டர், ஏழு வயசு வரைக்கும் திருப்பி எழுதுறது சகஜம். தாம்பாளத்துல ரவைய பரப்பி விரலால எழுத விடுங்க, எங்க ஆரம்பிக்கணும்னு ஒரு புள்ளி வச்சு குடுங்க. எண்ணும்போது ஒவ்வொரு காயா எடுத்து பக்கத்து தட்டுல வைக்கட்டும், வாயும் கையும் சேர்ந்து போகணும், அதான் முக்கியம். முடிச்சதும் மொத்தம் எத்தனன்னு கேளுங்க. மறுபடி ஒன்னுல இருந்து ஆரம்பிச்சான்னா கடைசியா சொன்ன நம்பர்தான் மொத்தம்னு இன்னும் பிடிபடல, அதுவரைக்கும் பத்துக்குள்ளயே நிறுத்துங்க, 50 எல்லாம் அப்புறம்.

கொடை அப்பா:
1942ல இருந்து 44 வரைக்கும், மாண்டிசோரி கல்வி முறைய உருவாக்கின மரியா மாண்டிசோரி நம்ம கொடைக்கானல்லதான் இருந்தாங்க, அவங்க முறையில உப்புத்தாள்ல வெட்டின நம்பர விரலால தடவிட்டுதான் எழுதறதுக்கே போவாங்க. ஹார்ட்வேர் கடைல உப்புத்தாள் வாங்கி நாங்களே வெட்டி அட்டைல ஒட்டினோம், பொண்ணுக்கு அவ்ளோ இஷ்டம். சைபர்ல இருந்து 9 வரைக்கும் டப்பா வச்சு அந்தந்த நம்பருக்கு குச்சி போடற விளையாட்டும் உண்டு. சைபர் டப்பா காலியாவே இருக்கும், அத குழந்தைங்க டக்குன்னு புரிஞ்சுக்குதுங்க.

வில்பட்டி அம்மா:
ரொம்ப தேங்க்ஸ். ஹோம்வொர்க்க கொஞ்சம் கொறைக்க சொல்லி மிஸ்கிட்டயும் பேசறேன்.