மாதிரி அளவு 36, இரண்டு முடிவுகள்: எதை எழுதுவது?

புள்ளியியல் தெரிந்த நண்பர்களே, எடுகோள் சோதனையில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். கைகொடுங்கள்.

மாதிரியின் அளவு 36, சராசரி 52, மாதிரியிலிருந்தே கணக்கிட்ட திட்ட விலக்கம் 6. ஆக, திட்டப் பிழை (மாதிரிச் சராசரியின் ஏற்ற இறக்க அளவு) 6 ÷ √36 = 1. முழுமைத் தொகுதியின் சராசரி 50 என்பது இன்மை எடுகோள், அதாவது சோதித்துப் பார்க்கும் அனுமானம். 5 சதவீத மட்டத்தில் இருபுறச் சோதனை, அதாவது சராசரி 50ஐவிடக் கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் வரும்.

இயல்நிலைப் பரவலின் 1.96ஐப் போட்டால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 50.04 முதல் 53.96 வரை. 50 வெளியே நிற்பதால் எடுகோளை நிராகரிக்கிறோம். டி (t) பரவல் அட்டவணையின் 35ஆம் வரிசையிலுள்ள (மாதிரி அளவில் ஒன்று குறைவு, 36 − 1) 2.03ஐப் போட்டாலோ 49.97 முதல் 54.03 வரை, 50 உள்ளே வந்துவிடுகிறது! தரவு ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் தலைகீழ்.

மாதிரி 30ஐத் தாண்டினால் இயல்நிலைப் பரவலே போதும் என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் தொகுதியின் திட்ட விலக்கம் தெரியாதபோது டி பரவலே முறை என்று எனக்குப் படுகிறது. அந்த 30 வெறும் கணக்கு வசதிக்கான எல்லைதானா? தேர்வில் எந்த முடிவை எழுதுவது, அதற்குக் காரணமாக எதைச் சொல்வது?

இதே கணக்கை ஒருபுறச் சோதனையாக மாற்றினால் எந்த இடைவெளியோடு ஒப்பிட வேண்டும் என்பதையும் யாராவது விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். சூத்திரம் மட்டும் வேண்டாம், ஏன் அப்படி என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.