வாடகை வீட்டின் சமையலறைச் சாதனங்களை உரிமையாளர் கொடுக்க வேண்டுமா?

கேள்வி — பெரும்பாக்கம் வீட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் திருச்சியிலேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்ததால், சென்னை பெரும்பாக்கத்தில் எங்களுக்குள்ள இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விடவிருக்கிறோம். சமையலறையில் இப்போது கிரானைட் மேடை, பாத்திரம் துலக்கும் தொட்டி, மேடைக்குக் கீழே அலமாரி, மேலே பரண் ஆகியவை மட்டுமே உள்ளன. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில் வேலை செய்யும் இளம் குடும்பங்களே அதிகம் வருவார்கள் என்றும், சிம்னி, மேடையில் பதிக்கும் ஹாப் அடுப்பு, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம், ஃபிரிட்ஜ் ஆகியவற்றைப் போட்டுக் கொடுத்தால் மாதம் 4,000 ரூபாய் வரை கூடுதலாகக் கேட்கலாம் என்றும் தரகர் சொல்கிறார்.

நாங்கள் சொந்த வீட்டுக்கு வருவதற்கு முன் 22 ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்தவர்கள். அந்தக் காலத்தில் எந்த வீட்டுக்காரரும் அடுப்போ ஃபிரிட்ஜோ கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆகவே எது முறை என்று எங்களுக்குத் தெரியவில்லை. கொடுத்த பொருள் பழுதானால் திருச்சியிலிருந்து ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்குமே என்பது என் கவலை. சமையலறையை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருபவர்களை அல்லாட விடக்கூடாது என்பது என் மனைவியின் கவலை. இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 — வேளச்சேரி வாடகைதாரர்

வணக்கம் ஐயா. சென்னையில் 14 ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடுகளில் குடியிருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சுவரைத் துளைத்தோ மேடையை வெட்டியோ பொருத்த வேண்டியதை உரிமையாளர் கொடுக்க வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடியதை வாடகைதாரர் கொண்டுவர வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்.

சிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புகைக்குழாய் வெளியே போக வெளிச்சுவரில் வட்டமாகத் துளை போட வேண்டும். எந்த வாடகைதாரரும் தம் விருப்பப்படி அதைச் செய்ய முடியாது. செய்தால் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுகள் சிம்னி இல்லாத ஒரு வீட்டில் இருந்தோம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை பரண் வரை படிந்து, காலி செய்த அன்று சுவரெல்லாம் பிசுக்கு என்று கூறி வெள்ளையடிக்கும் செலவை எங்கள் தலையில் கட்டினார்கள். உரிமையாளர் சிம்னி வைத்திருந்தால் அவருடைய சுவரும் பிழைத்திருக்கும், எங்கள் பணமும் பிழைத்திருக்கும்.

ஹாப் அடுப்பைப் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை. மேடையை வெட்டி ஹாப் பதித்துவிட்டால், எங்களிடம் உள்ள அடுப்பை வைக்க அந்த மேடையில் இடம் இருக்காது. சாம்பார் பொங்கி வழிந்து பர்னர் அடைத்துக்கொண்டாலும், தானாகப் பற்றவைக்கும் பொத்தான் செத்துப்போனாலும் அந்த அடுப்பையே சரிசெய்தாக வேண்டும். சிலிண்டர் இணைப்பு எங்கள் பெயரில் இருக்கும். அடுப்பு உங்களுடையதாக இருக்கும். கசிவு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். சாதாரண மேடையை அப்படியே விடுங்கள் என்றே நான் சொல்வேன். அடுப்பில்லாமல் சென்னைக்கு வரும் குடும்பம் மிகக் குறைவு.

ஆர்.ஓ. இயந்திரம்தான் எனக்கு மிகுந்த மனவருத்தம் தந்தது. முந்தைய வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே. குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். உரிமையாளர் கொடுத்திருந்த இயந்திரத்தில் உப்பைப் பிரிக்கும் சவ்வு எட்டே மாதத்தில் அடைத்துக்கொண்டது. "பயன்படுத்தியது நீங்கள், மாற்றுவதும் நீங்கள்தான்" என்றார் அவர். "பொருள் உங்களுடையது" என்றோம் நாங்கள். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசிவரை அது சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குக் கேன் எப்போது வரும் என்று காத்திருந்த நாட்களை நான் மறக்கவில்லை. ஆகவே கொடுப்பதானால், சவ்வும் வடிகட்டியும் மாற்றுவது யார் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். முந்தைய குடும்பம் மீன் வைத்திருந்த பெட்டியை மரக்கறி மட்டுமே உண்ணும் குடும்பம் ஏற்காது. அது அவரவர் வழக்கம், அதில் தவறு காண முடியாது. எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தபோது, உரிமையாளர் தம்முடையதை எடுத்துக்கொள்ள மறுத்ததால் எங்கள் ஃபிரிட்ஜ் இரண்டு ஆண்டுகள் கூடத்தில் நின்றது. மின்கட்டணத்தையும் நினைத்துப் பாருங்கள். உரிமையாளர் பழைய பெட்டியையோ நட்சத்திரக் குறியீடு குறைந்த பெட்டியையோ வைத்தால், அது இழுக்கும் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவது வாடகைதாரர். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்க் கட்டண அடுக்கில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. கோடைக்காலத்தில் அந்த எல்லையை ஒரு பழைய ஃபிரிட்ஜே தாண்டவைத்துவிடும்.

பதில் 2 — ஒப்பந்தம் எழுதுபவர்

மேலே எழுதிய அம்மையாரின் ஆர்.ஓ. அனுபவத்தை வைத்தே சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமையாளர் இன்னின்ன சாதனங்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஆனால் பராமரிப்பை யார் செய்ய வேண்டும் என்பதை அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துவைத்திருக்கிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள், வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், வடிகால் சுத்தம், கீசர், சுவிட்சு, சமையலறைப் பொருத்துகள் ஆகியவற்றின் பழுது வாடகைதாரரின் பொறுப்பு.

எனவே ஒப்பந்தம் மௌனமாக இருந்தால், சிறிய சமையலறைப் பழுதுகள் பெரும்பாலும் வாடகைதாரர் பக்கமே சாயும். இது பலருக்குத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் ஆயுள் முடிந்து செத்துப்போவதும், அன்றாடப் பயன்பாட்டில் பழுதாவதும் ஒன்றல்ல. பத்து ஆண்டு ஓடிய சிம்னியின் மோட்டார் கருகினால் அதை வாடகைதாரரிடம் கேட்பது நியாயமில்லை. நான் எழுதும் ஒப்பந்தங்களில், ஒவ்வொரு சாதனத்துக்கும் வாங்கிய ஆண்டு, குடிவரும் நாளில் உள்ள நிலை, சுத்தம் செய்வது யார், உதிரிப் பாகம் மாற்றுவது யார், முழுதாகப் போனால் மாற்றித் தருவது யார் என்று தனி இணைப்பாகச் சேர்த்து, புகைப்படத்துடன் இரு தரப்பும் கையெழுத்திடச் செய்கிறேன். சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும்; வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். முன்பணத்தைப் பொறுத்தவரை, வேறு உடன்பாடு இல்லாதபோது 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சாதனங்கள் கொடுத்திருக்கிறோம் என்று காரணம் காட்டி 10 மாத முன்பணம் கேட்பவர்களை நான் பார்க்கிறேன், அது வருத்தத்திற்குரியது.

பதில் 3 — லாஸ் ஏஞ்சலிஸ் தமிழர்

இதே கேள்வி இங்கே சட்டமன்றம் வரை போய்விட்டதால் எழுதுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிரிட்ஜ் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடுவது பல ஆண்டுகளாகச் சாதாரண வழக்கம். நாங்கள் இந்தியாவிலிருந்து இரண்டு பெட்டிகளுடன் வந்து இறங்கிய வாரத்தில், முதல் மாத வாடகையும் முன்பணமும் கட்டிய பிறகு ஒரு பழைய ஃபிரிட்ஜைத் தேடி வாங்கி இரண்டாம் மாடிக்கு ஏற்றினோம். அதுவரை தயிரும் பாலும் நாளுக்கு நாள் வாங்கிச் சமாளித்தோம்.

2026 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் நிலைமை மாறியிருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு செய்துகொள்ளும், திருத்தும் அல்லது நீட்டிக்கும் வாடகை ஒப்பந்தங்களுக்கு, நல்ல நிலையில் உள்ள அடுப்பும் ஃபிரிட்ஜும் இருந்தால்தான் வீடு குடியிருக்கத் தகுந்தது என்று கருதப்படும். உற்பத்தியாளர் பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறச் சொன்ன பொருள் என்று அறிவிப்பு வந்தால், 30 நாட்களுக்குள் உரிமையாளர் அதைச் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். வாடகைதாரர் விரும்பினால், உரிமையாளரின் சம்மதத்துடன் ஒப்பந்தத்தில் எழுதி, தம் சொந்த ஃபிரிட்ஜை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் வேளச்சேரி அம்மையாரின் ஃபிரிட்ஜ் கூடத்தில் நிற்க வேண்டிய நிலை அதனால் வராது. ஆயினும் சென்னைக்கு இச்சட்டம் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இங்கே சமையல் எரிவாயு பெரும்பாலும் குழாயில் வருகிறது, அங்கே சிலிண்டர் குடும்பத்தின் பெயரோடு போகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கேன் தண்ணீருக்குக் காத்திருந்ததைக் கேட்டு மிகவும் வருந்தினார். சிம்னியும் ஆர்.ஓ. இயந்திரமும் வைத்துக் கொடுக்கிறோம். சிம்னியின் எண்ணெய் வடிகட்டியைக் கழுவுவது குடியிருப்பவர், சவ்வு மாற்றுவதும் மோட்டாரும் நாங்கள் என்று எழுதிவிடுகிறோம். ஹாப், ஃபிரிட்ஜ் இரண்டும் இல்லை. வாடகையில் 4,000 அல்ல, 1,200 ரூபாய் மட்டும் கூட்டலாம் என்று நினைக்கிறோம். பெரும்பாக்கத்தில் பழுது பார்க்க ஆள் அனுப்ப, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டால் நான் திருச்சியிலிருந்து அலைய வேண்டியதில்லை அல்லவா?

வேளச்சேரி வாடகைதாரர்

ஆம் ஐயா, அதைச் செய்யுங்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் தொடர்புக்குக் குடியிருப்பவரின் கைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் எண் மட்டும் இருந்தால் பழுது பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் திருச்சிக்கு அழைத்து அனுமதி கேட்பார்.