மறு: பிரைமருக்கு ‘முதற்பூச்சு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

> பிரைமர் – முதற்பூச்சு
> சப்ஃபுளோர் – அடித்தளம்
> லெவலிங் காம்பவுண்ட் – சமன்படுத்தும் சேர்மம்

தமிழாக்கமாக முன்மொழியப்பட்ட இந்த மூன்றையும் இப்படியே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே கலவை ஊற்றித் தரையை மட்டமாக்கும் வேலைக்கான சொற்கள் இவை. படிப்பவர் சொல்லை நம்பித்தான் டப்பாவைத் திறப்பார்.

கடைசிச் சொல்லை முதலில் முடித்துவிடலாம். ‘சேர்மம்’ வேதியியல் பாடத்தில் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது. மூட்டையில் இருப்பது சிமெண்ட், நுண்மணல், பாலிமர் எல்லாம் சேர்ந்த தூள். அளந்த தண்ணீரில் கலக்கி ஊற்றினால் தானே பரவி மட்டமாகும். ஆகவே ‘தன்மட்டக் கலவை’. ‘மட்டம்’ என்றால் தரக்குறைவு என்று படுமே என ஒருவர் கேட்டிருந்தார். ரசமட்டம், மட்டப்பலகை என்றெல்லாம் கட்டட வேலையில் நாள்தோறும் புழங்கும் சொல் அது, அங்கே யாரும் குழம்புவதில்லை.

‘அடித்தளம்’ என்றதும் அஸ்திவாரம்தான் நினைவுக்கு வரும். நாம் சொல்லவருவது கலவையைத் தாங்கும் பரப்பை: அது கான்கிரீட்டாக இருக்கலாம், ப்ளைவுட்டாக இருக்கலாம், பழைய டைல்ஸாகவும் இருக்கலாம். ‘தாங்குதளம்’ என்று வைத்தால் முதலில் பார்க்கவேண்டியது என்ன என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்க்க வேண்டும். அடியில் காலி என்று சத்தம் சொன்னால் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் குழியை நிரப்ப வேண்டும். தானே ஆடும் டைல் மேலே ஊற்றியதை எப்படித் தாங்கும்?

இனி பிரைமர். ‘முதற்பூச்சு’ வரிசையை மட்டும்தான் சொல்கிறது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்முன் பூசுவதும் அதே பெயரில் இருப்பதால், கைக்குக் கிடைத்த பிரைமரைப் பூசினால் போதும் என்று தோன்றிவிடும். தரையிலோ பிரைமருக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள் உண்டு.

கான்கிரீட் நீரை உறிஞ்சும். அப்படியே ஊற்றினால் கலவையிலுள்ள தண்ணீர் கீழே இறங்கிவிடும், கலவை பரவுவதற்குள் இறுகத் தொடங்கும். துளைகளில் இருந்த காற்று மேலே வந்து ஊசிக்குத்துப் போல ஓட்டைகளை விட்டுப்போகும். இங்கே பிரைமரின் முக்கிய வேலை துளைகளை அடைப்பது. மெருகிட்ட டைல் இதற்கு நேர்மாறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் முத்தாக அப்படியே நிற்கும். உறிஞ்சல் என்ற பிரச்சினையே இல்லை; ஆனால் கலவைக்குப் பிடிமானமும் இல்லை. சிமெண்ட் இறுகும்போது சற்றுச் சுருங்கும், அந்த இழுவிசையில் வழுக்கலான பரப்பிலிருந்து ஏடாகப் பெயர்ந்துவிடும். அதனால்தான் டைல்ஸுக்கென்று மணல் துகள் கலந்த பிரைமர் வருகிறது. காய்ந்ததும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும்.

எனவே என் பரிந்துரை இரண்டு சொற்கள்: உறிஞ்சும் தளத்துக்கு ‘அடைப்புப் பூச்சு’, உறிஞ்சாத தளத்துக்குப் ‘பற்றுப்பூச்சு’. பொதுச்சொல்லாக ‘முதற்பூச்சு’ இருந்துவிட்டுப் போகட்டும். வேலைக்குறிப்பில் மட்டும் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும்.

‘ஒட்டுப்பூச்சு’ என்ற யோசனையும் வந்திருந்தது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். பிரைமருக்குப் பதில் வெள்ளைப் பசையை நீர்த்துப் பூசும் பழக்கம் ஏற்கெனவே பரவலாக உண்டு. பிவிஏ எனப்படும் அந்தச் சாதாரண வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகிவிடும். அதன்மேல் நீர் கலந்த கலவையை ஊற்றினால் பிடிமானமே போய்விடும். நம் சொல் அந்தப் பழக்கத்துக்குத் துணைபோகக் கூடாது.

எந்தப் பூச்சும் அழுக்கின்மேல் பற்றாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு, சோப்புப் படலம் எல்லாவற்றையும் பிசுக்கை எடுக்கும் கரைசல் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். பூசிய பிரைமரும் குட்டையாகத் தேங்கக் கூடாது. அது காய எவ்வளவு நேரம் என்பது டப்பாவில் இருக்கும், அதைப் பின்பற்றச் சொன்னால் போதும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. டைலின் பளபளப்பைத் தேய்த்து மங்கவைக்கும் வேலைக்கு ‘கொத்திவிடுதல்’ பொருந்தாது. அது உளியால் கான்கிரீட்டைச் சொரசொரப்பாக்குவது. ‘மெருகெடுத்தல்’ என்றாலோ மெருகேற்றுவதாகவே சிலர் படித்துவிடுவார்கள். ‘மெருகு நீக்கல்’ என்று வைக்கலாமா? கட்டட வேலையில் இருப்பவர்கள் புழங்கும் சொல் வேறு இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.