புதுப்பிப்பு: மார்பகக் கட்டி + அக்குள் கணு, 19302-ஆ 19301-ஆ?

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பாளையங்கோட்டையில உட்கார்ந்து அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு கிளைம் பார்க்கிற நான் கேட்டது இதுதான்: மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்து, அக்குளில் சென்டினல் நிணநீர்க்கணுவும் (புற்று பரவினா முதல்ல போய்ச் சேர்ற கணு) எடுத்திருந்தா எந்த சிபிடி கோடு (என்ன சிகிச்சைன்னு கிளைம்ல குறிக்கிற எண்)?

“கணு எடுத்தாலே 19302 ஆயிடாது, அக்குளை முழுசா சுத்தம் பண்ணிருக்காவளான்னு பாரும்”னு ஒரு அண்ணாச்சி சொன்னாரு பாருங்க, அதுதான் சரி. ஆபரேஷன் நோட்டில் ஆழத்தில் இருந்த இரண்டே கணு. ஆக 19301 (மார்பகத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறது), கூடவே 38525 (அக்குளில் ஆழத்தில் இருக்கிற கணுவை எடுக்கிறது). ஆடிட்டில் தேறி, பணமும் வந்தாச்சு.

எதிர்பாராதது ஒண்ணு: நோட்டின் நடுவில், நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றி கணுவைத் தேடியதா ஒரு வரி. அதுக்கு 38900 தனியாச் சேரும்; ஆட்-ஆன் கோடு (முதன்மைக் கோடோட சேர்த்துத்தான் போடுறது), அதனால 51 மாடிஃபையர் (ஒரே தடவையில் பல சிகிச்சைன்னு காட்டுற பின்னொட்டு) போடக்கூடாது. நோட்டின் தலைப்பை மட்டும் வாசிச்சா இது கண்ணுல படாது. மார்பகத்தையே முழுசா எடுத்திருந்தா 19303 பக்கம் போகணும், அது வேற கணக்கு.