எச்-1பி விசாவில் இருப்பவர் டெக்சாஸில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

பிளேனோவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் மனைவியோடு வசிக்கிறேன். எனக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கு என்னைச் சார்ந்தவர் என்ற முறையில் எச்-4. கிரீன் கார்டுக்காக நிறுவனம் கொடுத்த ஐ-140 மனு ஒப்புதலாகி ஆண்டுகள் ஆகியும் கிரீன் கார்டு வரிசை நகர்ந்தபாடில்லை. சென்ற மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். அன்று முதல் என் மனைவி படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறார். அலுவலகத்தில் அமெரிக்கக் குடிமகனான நண்பர் ஒருவர், 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றும், இந்தச் சனிக்கிழமை சுடுபயிற்சிக் கூடத்துக்கு வந்தால் வாடகைத் துப்பாக்கியில் பழகிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். மாநிலமே தடை சொல்லாதபோது விசா நிலை குறுக்கே வருமா? அடுத்த ஆண்டு சியாட்டில் பக்கம் மாற்றலாகவும் வாய்ப்பிருப்பதால், அங்குள்ள விதியையும் அறிய விரும்புகிறேன்.

பழையகுடி எழுதியது:

சனிக்கிழமைப் பயணத்தை முதலில் தள்ளிவையுங்கள். உங்கள் நண்பர் சொன்ன 2021 சட்டம் உண்மையானதுதான். ஆனால், வேறு சட்டங்களின்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை இல்லாதவருக்கு மட்டுமே அது உரிமத் தேவையை நீக்குகிறது. தடை உள்ளவருக்கு அது எதையும் தருவதில்லை. உங்களுக்கான தடை கூட்டாட்சிச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பில், 922ஆம் பிரிவின் ஜி உட்பிரிவில், ஐந்தாம் இனத்தில் இருக்கிறது. சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவருக்கு மட்டுமன்றி, குடியேற்றமல்லாத, அதாவது தற்காலிக விசாவில் அனுமதிக்கப்பட்டவருக்கும் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் இருக்கக் கூடாது என்கிறது அது. எச்-1பி, எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 எல்லாமே இதில் அடங்கும். ஐ-140 ஒப்புதலால் இந்த நிலை மாறுவதில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது.

விசாக்காரர்களைப் பற்றிய பகுதி 1998இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பார்வையாளராக வந்த ஒருவர் புளோரிடாவின் மெல்போர்ன் நகரில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் போய்ச் சுட்டார். விந்தை என்னவென்றால், பயிற்சிக் கூடம் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை தரும் வழக்கும் அதே மெல்போர்னில் பிறந்ததுதான். ரெஹைஃப் என்ற மாணவர் படிப்பில் தேறாததால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலையை இழந்த பின், சுடுபயிற்சிக் கூடத்தில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். அதுவே குற்றச்சாட்டானது. தம் நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆனால் கூடத்தில் சில நிமிடம் கையில் பிடித்ததைக் கைவசம் வைத்திருந்ததாகக் கொள்ளக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. உங்கள் நிலையோ உங்களுக்கு நன்றாகவே தெரியும். இந்த இழையே அதற்குச் சாட்சி.

தண்டனை 2022க்குப் பிறகு 15 ஆண்டு வரை போகலாம். நண்பருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்; தடை உள்ளவர் என்று தெரிந்தே துப்பாக்கியைக் கொடுப்பதும் குற்றம்.

மான்கொம்பு எழுதியது:

மேலே உள்ள பதிலில் ஒரு முக்கியமான விதிவிலக்கு விடுபட்டிருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விசாக்காரருக்கான தடை பொருந்தாது. நான் எச்-1பியில் இருந்தபோது அப்படித்தான் வாங்கினேன். டெக்சாஸில் வேட்டையாட, 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர் வேட்டைக் கல்வி வகுப்பையும் முடிக்க வேண்டும். கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473இல் குடியுரிமை நாட்டையும் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) எண்ணையும் எழுதி, விசாக்காரரா என்ற கேள்விக்கு ஆம் என்றும், விதிவிலக்கு உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றும் குறித்து, உரிமத்தின் நகலை இணைத்தேன். முதல் கேள்விக்கு இல்லை என்று குறித்துவிடலாமே என்று கடைக்கு வந்திருந்த ஒருவர் அன்போடு யோசனை சொன்னார். அந்தப் பொய்யே தனிக் குற்றம். 90 நாள் தொடர்ந்து வசித்த சான்று வேண்டும் என்று இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். அந்த விதி 2012இலேயே நீங்கிவிட்டது.

பலர் சறுக்கும் இடம் நாள்காட்டிதான். டெக்சாஸின் வழக்கமான ஆண்டு உரிமம் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்டு 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புதிய உரிமம் இல்லையென்றால், அலமாரியில் பூட்டிக் கிடக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கிவிடும்.

பழையகுடி எழுதியது:

விதிவிலக்கைச் சொன்னதற்கு நன்றி, மான்கொம்பு. நான் விட்டது தவறுதான். ஆயினும் புதிதாக வருபவருக்கு நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். துப்பாக்கி தொடர்பான தண்டனை, மாநில நீதிமன்றம் விதித்ததாயினும், குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தலுக்குத் தனிக் காரணமாகிறது. இதிலிருந்து கிரீன் கார்டுக்காரரும் தப்ப முடியாது. பத்தாண்டு காத்திருந்த வரிசையை ஒரு காலாவதித் தேதியிடம் அடகு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மழைநகர் எழுதியது:

சியாட்டில் பற்றி நான் சொல்கிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் வேட்டை உரிமத்தோடு வேலை முடிந்துவிடாது. குடிமகனல்லாதவர், நிரந்தரக் குடியிருப்பாளராக இல்லாவிட்டால், மாநிலத்தின் அயல்நாட்டவர் துப்பாக்கி உரிமத்தையும் மாவட்ட ஷெரிப்பிடம் பெற வேண்டும். அது இல்லாமல் வைத்திருப்பது மாநிலச் சட்டத்திலேயே பெருங்குற்றம். வெளியூரிலிருந்து குறுகிய காலத்துக்கு வேட்டைக்கும் போட்டிக்கும் வருபவர்களுக்குத்தான் தனி விலக்கு உண்டு. இல்லினாயில் வேறு வகை: அங்கே துப்பாக்கி வைத்திருப்போர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே மாநிலக் காவல்துறை விசா நிலையைக் கேட்கிறது. ஆகவே டெக்சாஸில் சட்டப்படி வாங்கிய பொருளைச் சாமான் லாரியில் ஏற்றுவதற்கு முன் போகும் மாநிலத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

பிளேனோவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை வரவில்லை என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு ஐயம்: அவர் விடுமுறைக்குப் போகும்போது தம் துப்பாக்கிப் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கேட்டிருந்தார். பூட்டியே இருக்கும் என்றால் அதுவும் தவறா?

பழையகுடி எழுதியது:

வாங்கி வைக்காதீர்கள். தொடாமலிருந்தாலும், அது உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில், நீங்கள் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் உங்கள் கைவசம் இருப்பதாகவே நீதிமன்றம் கருதலாம். சாவியும் உங்களிடம் என்றால் வாதிடவே ஒன்றும் மிஞ்சாது. பின்கதவுக்கு நல்ல பூட்டும் ஒரு கேமராவும் போடுங்கள். அவற்றுக்கு எந்த மாநிலத்திலும் ஐ-94 கேட்பதில்லை.