சமூகத் தொழில்முனைவைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்க முடியுமா?

வைகைக்கரை:
மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2007இல் சமூகத் தொழில்முனைவுக்கென்று, அதாவது சமூகச் சிக்கல் ஒன்றைத் தீர்ப்பதற்காகவே தொழில் நடத்தும் முயற்சிக்கென்று, இரண்டாண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. இப்போது எங்கள் வட்டாரக் கல்லூரி ஒன்று அதே பெயரில் ஒரு விருப்பப் பாடம் கொண்டுவர எண்ணி, பாடத்திட்டக் குழுவில் வெளியாளாக இருக்கும் என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. வேண்டாம் என்பதே என் கருத்து. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது இதற்கெல்லாம் பாடம் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரி மாணவர்கள் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வந்து, தினைத் தின்பண்டங்களை நகரத்தில் விற்கலாம் என்று சொல்லி, குழுவின் சேமிப்பிலிருந்தே பொட்டலம் ஒட்டும் இயந்திரம் ஒன்றை வாங்க வைத்தார்கள். பருவத் தேர்வு முடிந்ததும் அவர்கள் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த அணிக்கு முந்தைய அணி செய்தது எதுவும் தெரியவில்லை. கையில் வேறொரு திட்டம் வைத்திருந்தார்கள்.

மாணிக்கவல்லி:
உங்கள் குழுவுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மோசமாக நடத்தப்பட்ட ஒரு பாடத்தை வைத்துப் பாடமே கூடாது என்று முடிவு கட்டுவதை ஏற்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், மிகக் குறைந்த விலையில் பொருள்களை வடிவமைப்பதற்கென்று ஒரு வகுப்பு உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை வழக்கமான விலையில் 100இல் ஒரு பங்குக்குச் செய்ய வேண்டும் என்பது 2007இல் அங்கே ஒரு மாணவர் அணிக்குத் தரப்பட்ட பணி. அணியில் ஒருவர் நேபாளம் சென்று பார்த்தபோது, நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் நகர மருத்துவமனையில் காலியாகக் கிடந்தன. குழந்தைகளோ அங்கே வந்து சேருமுன்பே கிராமங்களில் இறந்துகொண்டிருந்தன. ஆகவே அவர்கள் மலிவான இன்குபேட்டர் செய்யும் எண்ணத்தையே கைவிட்டு, தொடர்ந்த மின்சாரம் இல்லாமலேயே சில மணி நேரம் உடற்சூட்டைக் காக்கும் மெழுகுப் பை வைத்த சிறு உறையைச் செய்தார்கள். எம்ப்ரேஸ் என்பது அதன் பெயர். கேட்கப்பட்ட கேள்வியே தவறு என்று கண்டுகொள்ளும் பழக்கத்தை அந்த வகுப்பு தந்தது. இது கற்பித்தல் இல்லையென்றால் வேறு எது கற்பித்தல்?

வைகைக்கரை:
நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டை எனக்குச் சாதகமாகவே பார்க்கிறேன் அம்மா. வகுப்பு முடிந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரு மாதிரி வடிவம் மட்டுமே. அதன்பின் அந்த அணி பெங்களூருக்கு வந்து தங்கி, தாய்மார்களிடமும் மருத்துவர்களிடமும் காட்டிக் காட்டித் திருத்தியதால்தான் அது குழந்தைகளைச் சென்றடைந்தது. அப்படித் தங்குவதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் தருவதில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஏழைகளுக்குச் சிறு தொகைகளாகத் தரப்படும் நுண்கடனே சான்று. சிட்டகாங் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் பக்கத்துக் கிராமமான ஜோப்ராவில் 42 பேருக்கு, மொத்தம் சுமார் 27 டாலர் மட்டும், கடனாகக் கொடுத்துத் தொடங்கியது அது. ஏழைகளைக் குழுவாகச் சேர்த்துக் கடன் தரும் அவருடைய முறையைக் கைக்கொண்ட எஸ்கேஎஸ் என்ற நுண்கடன் நிறுவனம் 2010இல் பங்குச் சந்தைக்குப் போனது. வசூல் கெடுபிடியால் தற்கொலைகள் நடப்பதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஏட்டுக்கணக்கு:
கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆந்திர நிகழ்வு, இந்தப் பாடம் தேவை என்பதையே காட்டுகிறது. ஒரு முயற்சியில் வரும் இலாபம் யாருக்குப் போகும் என்பதை அதன் சட்ட வடிவம்தான் முதல் நாளே தீர்மானிக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்தால் உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை தர முடியாது. உழவரும் கைவினைஞரும் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கி அதைத் தாங்களே ஆளலாம். தனியார் நிறுவனமாக்கி வெளி முதலீட்டை வாங்கினாலோ, முதலிட்டவரின் எதிர்பார்ப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், ஒரு நண்பர் சொன்னார் என்பதற்காகவே தனியார் நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டு வருகிறார்கள். உங்கள் குழுவிடம் வந்த மாணவர்களுக்கு இது சொல்லித் தரப்பட்டிருந்தால், இயந்திரம் யார் பணத்தில் வாங்கப்படுகிறது, நட்டம் வந்தால் அதைச் சுமப்பவர் யார் என்று அவர்கள் முன்கூட்டியே கேட்டிருப்பார்கள்.

மாணிக்கவல்லி:
அரவிந்தைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். அந்த மருத்துவமனையே தன் வேலைமுறை பிறருக்குக் கற்றுத்தரத் தக்கது என்று கண்டு, மதுரையில் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தை அமைத்துப் பிற கண் மருத்துவமனைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. கற்பிக்க முடியாத ஒன்றை அவர்கள் ஏன் கற்பிக்க முன்வர வேண்டும்?

வைகைக்கரை:
அதை மறுக்க மாட்டேன். ஆயினும் லைக்கோவுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே கண் மருத்துவமனை நடத்துகிறவர்கள். பயிற்சி முடிந்ததும் தங்கள் நோயாளிகளிடமே திரும்பிப் போகிறவர்கள். இருபது வயது மாணவருக்கு அப்படித் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை. அந்த இடத்தைக் கல்லூரி உண்டாக்கித் தருமானால் என் எதிர்ப்பைக் கைவிடுகிறேன். அதற்கு மூன்று விதிகளைப் பாடத்திட்டக் குழுவிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஒரே ஊரோடு கல்லூரி குறைந்தது ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் அணியும் முந்தைய அணியின் கணக்கையும் கடனையும் ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பகுதியை ஊர்க்குழு இட வேண்டும்.

மாணிக்கவல்லி:
முதல் இரண்டையும் ஏற்கிறேன். மூன்றாவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மதிப்பெண் இடும் பொறுப்பு வந்துவிட்டால், உங்கள் குழுப் பெண்கள் மாணவர் முகம் பார்த்து இரங்கி முழு மதிப்பெண்ணையும் போட்டுவிட மாட்டார்களா?

வைகைக்கரை:
போட்டுவிடுவார்கள்தான். நேற்றைய கூட்டத்தில் அவர்களிடமே கேட்டேன். மதிப்பெண் வேண்டாம், இயந்திரத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதியையாவது கல்லூரி முன்பணமாக வைக்கட்டும், திட்டம் நின்றுபோனால் அது எங்களுக்கு வரட்டும் என்றார்கள். மூன்றாவது விதியை அப்படியே மாற்றி எழுதுகிறேன்.