புதுப்பிப்பு: பாரசீகத்தில் திறன்பேசி அடிமைத்தன வினாத்தாள், எட்டாம் கேள்விக்குக் கிடைத்த தீர்வு

2013-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட பத்துக் கேள்விச் சுருக்க வினாத்தாளை ஈரானிய மாணவர்களுக்காகப் பாரசீகத்தில் அமைத்தபோது, மறுமொழிபெயர்ப்பு (பாரசீக வடிவத்தை மீண்டும் மூலமொழிக்கே பெயர்த்து ஒப்பிடுவது) மூலத்தோடு பொருந்தியும் விடைகள் முரண்படுவது ஏன் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலனளித்தது, மாணவர்களை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, புரிந்ததைத் தம் சொற்களில் சொல்லச் செய்யுங்கள் என்ற யோசனைதான். எட்டாம் கேள்வி, ட்விட்டர், ஃபேஸ்புக் உரையாடல்கள் தவறிவிடுமோ என்று ஓயாமல் பார்ப்பதைப் பற்றியது. அவ்விரண்டும் 2009 முதல் ஈரானில் முடக்கப்பட்டிருப்பதால், தடையை மீறுகிறீர்களா என்று விசாரிப்பதாகவே சிலர் அதை எடுத்துக்கொண்டு, 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் குறியிட்டு நகர்ந்திருக்கிறார்கள். பெயர்களை நீக்கிச் 'சமூக வலைத்தளங்கள்' என்று பொதுவாக்கியதும் அந்தத் தயக்கம் அகன்றது.

எதிர்பாராத சிக்கல் தலைப்பில் இருந்தது. அடிமைத்தனத்துக்கான பாரசீகச் சொல்லான 'எத்தியாத்' என்றால் அவர்களுக்கு முதலில் போதைப்பொருளே நினைவுக்கு வருகிறது என்பதால், சார்ந்திருத்தல் எனப் பொருள்படும் 'வாபஸ்தெகி'யை இட்டோம். பயன்படுத்தாதபோதும் திறன்பேசி மனத்திலேயே இருப்பது பற்றிய ஆறாம் கேள்விக்கு, கவனமெல்லாம் ஃபோனிடம் என்ற பொருளில் அவர்கள் அன்றாடம் சொல்லும் 'ஹவாஸம் பீஷெ கூஷீயெ' என்ற வழக்கை ஒட்டி எழுதியது, என் பார்வையில், முந்தைய மூன்று வரைவுகளையும்விட மேலாக அமைந்தது.

ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்ற வெட்டுமதிப்புகள் (அடிமைத்தனம் எனக் கொள்வதற்கான மதிப்பெண் எல்லைகள்) கொரிய வளரிளம் பருவத்தினரிடம் பெறப்பட்டவை, அவற்றை எடுத்தாளவில்லை.